காடாக விடுமுன் கிராணி வேலை: தோட்டப்புறத்தில் சொந்தக் காடு வைத்திருக்க நினைப்பவர்களுக்கு

போன மாதம் கோயில் அன்னதானத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, அப்பா விட்டுப்போன பால்மரக் காடு நாலு ஏக்கர் சும்மா கிடக்கு. வெட்ட ஆள் இல்ல. உங்க நிலம் மாதிரி காடா விட்டுடலாமா?"

விடலாம். ஆனால் அந்த "விட்டுடலாமா"வில்தான் சிக்கலே இருக்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஏழு ஏக்கர். அப்பா சேமநிதிப் பணத்தில் வாங்கியது. பாதி பழைய பால்மரம் (ரப்பர்), பாதி பெலுக்கார் எனும் புதர்க்காடு, நடுவில் ஒரு சின்ன ஓடை. பதினோரு வருடமாக அங்கே பால் வெட்டவில்லை, எண்ணெய்க்கான செம்பனையும் போடவில்லை. இன்று இருவாட்சி வருகிறது, சருகுமான் வருகிறது, ராத்திரியில் மூசாங் எனும் மரநாய் வந்து போகிறது. ஆனால் நான் மரம் நட்ட நாளைவிட நில அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த நாள்தான் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் மிகை. ரொம்ப இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். முதலில் கிராணி வேலை, அதாவது தாளும் கணக்கும். அப்புறம் கங்காணி வேலை, அதாவது மேற்பார்வை. கடைசியில்தான் வெளிக்காட்டு வேலை, மண்ணும் மரமும். நான் இதைத் தலைகீழாகத் தொடங்கி இரண்டு வருடத்தை வீணாக்கினேன்.

கிராணி வேலை

பெட்டிக்குள் இருக்கும் தாளை வெளியே எடுங்கள். அது கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம்தானா, இல்லை டிஓஎல் எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமமா? நம்மவர்களில் பலர் தாத்தா காலத்திலிருந்து டிஓஎல் நிலத்தில் வாழை, மரவள்ளி போட்டுக்கொண்டு அதைச் சொந்த நிலம் என்றே பேசுவார்கள். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஓடு முடிகிறது. புதுப்பித்தால்தான் உண்டு. இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் போய்விடும். அப்படிப்பட்ட நிலத்தில் நூறு வருடம் நிற்கப்போகும் மெராந்தி மரத்தை நடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

கிராண்ட்தான் என்றால் அதில் மூன்று இடங்களைப் படிக்க வேண்டும். ஒன்று, கால அளவு. நிரந்தரமா, 99 வருடக் குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம் மிச்சம்? இரண்டாவது, 'செகாத்தான் கெபெந்திஙான்' என்ற வரி. நிலத்தை விற்க, மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டுமா என்பது அங்கேதான் இருக்கும். மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய நிலமா என்பதையும் கிராண்ட்டிலேயே பார்த்துவிடலாம்.

மூன்றாவதுதான் நம் விஷயத்துக்கு உயிர்நாடி. 'ஷாராட் ஞாத்தா', அதாவது அந்த நிலத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற வெளிப்படையான நிபந்தனை. விவசாய நிலம் என்றால் "கெத்தா" (ரப்பர்) என்றோ "கெலாப்பா சாவிட்" (செம்பனை) என்றோ பயிரின் பெயரே எழுதியிருக்கக்கூடும். சிலவற்றில் பொதுவாக விவசாயம் என்றோ பழத்தோட்டம் என்றோ இருக்கும். தேசிய நிலச் சட்டத்தின்படி இந்த நிபந்தனையை மீறினால், 127-ஆம் பிரிவின் கீழ் அபராதம் போடவும் கடைசியில் நிலத்தையே பறிமுதல் செய்யவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. "இது என் நிலம், நான் காடாக வைத்திருப்பேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியாத காரணம் இதுதான். நம் ஊரில் சட்டத்தின் கண்ணுக்குக் காடு ஒரு பயிர் இல்லை, அலட்சியம்.

இதற்கு வழி இருக்கிறது. நிபந்தனை "கெத்தா" என்றால் பழைய பால்மரங்களை வெட்டாதீர்கள். நிபந்தனைக்கு அவை துணை, கீழே முளைக்கும் காட்டுக்கும் அவை குடை. பொது விவசாயம் என்றால் பெத்தாய், டுரியான், செம்பெடாக், லங்சாட், ரம்பை என்று கலப்புப் பழக்காடாக வைத்துக்கொள்ளலாம். காட்டு மரமும் பழ மரமும் ஒன்றாக நிற்கும் பழைய கம்பத்து டூசுன்களில், அதாவது கிராமத்துப் பழத்தோப்புகளில், பறவைக்கு என்றுமே குறை இல்லை. நிபந்தனை ஒத்தே வராவிட்டால் 124-ஆம் பிரிவின் கீழ் மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அதற்குப் பொறுமையும் கட்டணமும் வேண்டும். எதைச் செய்தாலும் மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுத்தில் வாங்கி வையுங்கள். முகப்பில் இருந்த ஒருவர் எனக்கு வாயால் சொன்னதை அடுத்த முறை இருந்தவர் தெரியவே தெரியாது என்றுவிட்டார். அந்த ஒரு வாய்வார்த்தையால் எனக்கு எட்டு மாதம் போனது.

நில வரியை மே 31-க்குள் கட்டிவிடுங்கள். நிலுவை வைத்தால் போராங் 6ஏ என்ற கோரிக்கை அறிவிப்பு வரும். அதில் சொல்லும் மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகலாம். பழைய முகவரிக்குப் போன அறிவிப்பால் நிலத்தை இழந்தவர்களும் உண்டு. வீடு மாறியிருந்தால் முகவரியை மாற்றுவதுதான் முதல் வேலை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல், அதாவது 'சாரியான் ரஸ்மி' எடுக்காமல் ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். ஒரே கிராண்ட்டை இருபது பேருக்குப் பங்கு போட்டு "லாட்" என்று விற்பவர்களிடம் வாங்காதீர்கள். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கருக்குக் கீழே சட்டப்படி பிரிக்க முடியாது. உங்கள் துண்டுக்குத் தனிக் கிராண்ட் வராமலே போகலாம். மூன்றாவது, 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தை விற்கவோ பிரிக்கவோ தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்.

அந்த மூன்றாவது விதிக்குப் பின்னால் நம் கதை இருக்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். லயத்து வீட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வெளியேற்றப்பட்டது அப்போதுதான். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி (நம் நாட்டுப் பணம்) சேர்த்துத் தோட்டங்களையே வாங்க வைத்தார். கூட்டாக நிலம் வாங்குவது நமக்குப் புதிதல்ல. அண்ணன் தம்பிகள் சேர்ந்து காடு வைக்க நினைத்தால் வழக்கறிஞரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரும் உயில் எழுதுங்கள். ஒரு மைத்துனருக்குக் கார் வாங்கப் பணம் தேவைப்பட்டதும் வெட்டப்பட்ட காடுகள் எனக்கு இரண்டு தெரியும்.

கிராணி வேலையின் கடைசி அத்தியாயம் எல்லைக்கல். பால்மரக் காட்டில் கல் எப்போதும் வேருக்கடியில் இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து நிலத்துக்காரர் வேலிக்குள் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். செலவுதான். ஆனால் எல்லை தெரியாத காட்டை யார் வேண்டுமானாலும் சாப்பிடுவார்கள்.

கங்காணி வேலை

இனி ரோந்து. வாரத்துக்கு ஒரு தடவையாவது எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போவேன். கையில் பாராங் கத்தி, காலில் ரப்பர் பூட்ஸ், பையில் தண்ணீரும் ஒரு கம்பி வெட்டியும்.

கம்பி வெட்டி எதற்கு? இரண்டாம் வருடம் ஓடைக்கரையில் சருகுமான் தடத்தில் குனிந்து பார்த்தபோது, மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று சுருக்காகக் கிடந்தது. ஒரு முனை வளைத்துக் கட்டிய இளங்கன்றில், மறுமுனை இலைக்குள். கணுக்கால் உயரத்தில் சுருக்கு. கால் வைத்ததும் கன்று நிமிர்ந்து இழுக்கும். அன்று ஒரே வரிசையில் ஆறு கம்பிகளை எடுத்தேன். ஆறாவதில் ஒரு காட்டுக்கோழியின் கால் மட்டும் மாட்டியிருந்தது.

சுருக்கு வைப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முதலில் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், அப்புறம் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்கு 1-800-88-5151 எண்ணில் சொல்லுங்கள். விலங்கு உயிரோடு மாட்டியிருந்தால் நீங்களே விடுவிக்கப் போகாதீர்கள். காட்டுப்பன்றி நன்றி பார்க்காது. வைத்தவரைப் பிடிக்க ராத்திரியில் தனியாக ஒளிந்திருப்பது மடத்தனம், அதையும் செய்திருக்கிறேன். "டிலாராங் மெம்புரு" (வேட்டையாடக் கூடாது) என்று மலாயில் எழுதிய பலகையை நான்கு மூலையிலும் வைத்த பிறகு எங்களுக்குப் பாதி குறைந்தது. மீதிப் பாதி, வைத்தவர் யார் என்று ஊருக்கே தெரியும் என்று அவருக்குத் தெரியவந்ததும் குறைந்தது.

அதற்கு ஊர் நம் பக்கம் இருக்க வேண்டும். பக்கத்துச் செம்பனைக்காரருக்கு என்ன பயம்? "உங்க காட்டிலிருந்து குரங்கும் பன்றியும் வந்து என் கன்றைத் தின்னும்." பயத்தில் நியாயம் உண்டு. செம்பனைக் கன்றின் குருத்தைப் பன்றி தோண்டித் தின்னும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லையோரம் பத்தடி அகலத்துக்குப் புதரைக் குறைத்து வைத்திருக்கிறேன். குரங்குக்குத் தீனி போட யாரையும் விடுவதில்லை. அதே செம்பனைக் காட்டில் எலி தின்னும் காட்டுப்பூனையும் கூகையும் பகலில் தங்குவது நம் பக்கம்தான் என்பதையும் சொல்லுங்கள். டுரியான் வைத்திருப்பவரிடம் பேச்சு இன்னும் சுலபம். டுரியான் பூ ராத்திரியில் மலர்கிறது. மகரந்தம் சுமப்பது தேன் குடிக்கும் வௌவால்கள். சுண்ணாம்புக் குகைகளில் கூட்டமாகத் தூங்கி, ராத்திரி பல கிலோமீட்டர் பறந்து வருபவை. பேராக்கில் சுண்ணாம்பு மலைக்குப் பஞ்சமில்லை. வழியில் பூக்கும் மரங்கள் நின்றால்தான் அவை நம் பக்கம் வரும். இதைச் சொன்னதும் எதிர்வீட்டு அங்கிள் வௌவாலுக்கு வலை கட்டுவதை நிறுத்தினார். வருடா வருடம் இரண்டு டுரியான் வேறு கொடுக்கிறார்.

நாய் பெரிய தலைவலி. நம் வீட்டு நாயானாலும் காட்டுக்குள் அவிழ்த்து விடாதீர்கள். ஒரே இரவில் ஒரு சுருக்கு வரிசை செய்வதை அது செய்துவிடும்.

நெருப்பு இரண்டாவது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பால்மரம் இலை உதிர்க்கும் காலம், வெயிலும் அப்போதுதான். காலடியில் முழங்கால் அளவு காய்ந்த சருகு. பக்கத்தில் யாராவது குப்பை கொளுத்தினால் போதும். திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம்தான், ஆனால் தீ சட்டம் படிப்பதில்லை. சாலைப் பக்கத்தில் ஈயலங்காடு, அதாவது லாலாங் புல்காடு இருந்தால் நெருப்புத்தடமாக ஆறடி அகலம் சுத்தமாக வைத்திருங்கள்.

பாம்பு வீட்டுக்குள் வந்தால் 999-க்கு அழைத்துப் பொதுத் தற்காப்புப் படையைக் கேளுங்கள். காட்டுக்குள் இருந்தால் அது அதன் வீடு, நாம் விலகிப் போக வேண்டியதுதான். அட்டைக்கு எங்கள் பாட்டி புகையிலையை ஈரச் சவர்க்காரத்தில் குழைத்துக் காலில் தடவுவார். இன்றைக்கும் அதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை.

வெளிக்காட்டு வேலை

இப்போது மரம். முதல் விதி: வெட்டாதீர்கள்.

முதல் வருடம் நான் நான்கு பேரை வைத்து ஓர் ஏக்கரைச் சுத்தமாக வழித்து, களைக்கொல்லி அடித்து, வாங்கிவந்த நாற்பது கன்றுகளை வரிசையாக நட்டேன். ஜூன் மாதம். பார்க்கத் தோட்ட நர்சரி மாதிரி அழகாக இருந்தது. ஆகஸ்டில் முப்பத்தொன்று செத்துப்போயின. வெயிலைத் தாங்கும் கன்றுகள் அல்ல அவை. நம் அம்மாக்கள் முதுகில் தொட்டி கட்டி மருந்தடித்து விரல் நகம் போன காலத்தை மறந்து நானே மருந்து வாங்கியதை நினைத்தால் இன்றும் வெட்கம். அந்த மருந்தான பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்றதும் காட்டுக்கு வேண்டாம்.

வெட்டாமல் விட்ட பாதியில் நடந்தது வேறு. பால்மர நிழலில் மகாங் முளைத்தது. பறவை போட்ட விதையில் ஆரா, அதாவது அத்தி வகைகள் வந்தன. மெல்ல மெல்லக் கீழ்க்காடு எழுந்தது. மகாங்கை அற்ப மரம் என்று வெட்டிவிடாதீர்கள். வேகமாக வளர்ந்து நிழல் தருவது அதுதான். மெராந்தி, கெருயிங், செஙால் போன்ற பெருமரங்கள் குழந்தையாக இருக்கும்போது அந்த நிழலில்தான் பிழைக்கும். பால்மரத்தை எடுக்க வேண்டும் என்றால்கூட ஒரேயடியாகச் சாய்க்காமல், வருடத்துக்குச் சிலவற்றின் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்து நின்றபடியே காயவிடுங்கள். காய்ந்த மரத்தில் மரங்கொத்தி பொந்து போடும், பிறகு அந்தப் பொந்து வேறு யாருக்காவது வீடாகும். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த நிலமே ஆனாலும் காட்டு மரத்தை அறுத்து வெளியே கொண்டுபோக வனத்துறை உரிமம் வேண்டும்.

கையால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: கொடி. மிக்கானியா கொடி இளங்கன்றுகளின் தலைமேல் பாய் விரித்தது போலப் படர்ந்து மூச்சைத் திணறடிக்கும். வேரோடு பிடுங்கி வெயிலில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் கணுவுக்குக் கணு மறுபடி வேர் விடும். முடியுள்ள செண்டுடுக் புதரும் அப்படித்தான், பழம் விடுமுன் பிடுங்க வேண்டும். ஈயலங்காட்டை வெட்டி வெட்டிச் சலித்துப் போவீர்கள். அதற்கு நிழல்தான் மருந்து. அதன் நடுவே வேகமாக வளரும் மரங்களை நெருக்கமாக வைத்தால், நிழல் மூடியதும் லாலாங் தானே போய்விடும்.

புதிதாக நடுகிறவர்கள் மழைக்கு நடுங்கள். நம் பக்கம் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம், ஏப்ரல், மே இரண்டாவது வாய்ப்பு. கன்றைச் சுற்றி ஓரடி ஆரத்துக்கு வட்டம் எடுத்து, வெட்டிய களையையே மூடாக்காகப் போடுங்கள். செம்பனையில் வட்டம் எடுத்த கைக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வருடம் விடாமல் எடுத்தால் போதும்.

மெராந்தி விதை கதையே தனி. அந்த இனங்கள் வருடா வருடம் காய்ப்பதில்லை. பல வருடத்துக்கு ஒரு முறை காடே ஒன்றாகப் பூக்கும். இறக்கை வைத்த விதைகள் சுழன்று விழும். பையில் போட்டு வீட்டில் வைத்து "அடுத்த மாதம் நடலாம்" என்றால் முடிந்தது. காயவைத்துச் சேமிக்கும் விதை அல்ல, சில நாளில் உயிர் போய்விடும். விழுந்த வாரமே மண் பையில் போட வேண்டும். அரசுக் காட்டுக்குள் போய்ப் பொறுக்காதீர்கள். அனுமதி பெற்ற நாற்றங்காலில் கேளுங்கள். இங்கே பக்கத்தில் தெமியார் பூர்வகுடிகள் இருக்கிறார்கள். எந்தப் பழத்துக்கு எந்தப் பறவை வரும் என்று அவர்களில் பெரியவர் ஒருவர் அரைமணி நேரத்தில் எனக்குச் சொன்னதை, நானாகத் தெரிந்துகொள்ள ஐந்து வருடம் ஆகியிருக்கும். கூலி கொடுத்துக் கூட்டி வாருங்கள், இலவச ஆலோசனை கேட்காதீர்கள்.

கையால் நட்ட மரம் காடாகுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரு நாள் கோலாலம்பூர் பக்கம் கெப்போங்கில் உள்ள ஃபிரிம் எனும் மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தின் வனத்துக்குப் போய் வாருங்கள். வெள்ளீயம் தோண்டிப் பாழான நிலத்திலும் காய்கறித் தோட்டத்திலும் 1920-களில் நடத் தொடங்கியது அது. ஆராய்ச்சி நிலையம் 1929-இல் வந்தது. இன்று உள்ளே நின்றால் ஆதிக்காடு என்றே தோன்றும். 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். தனியார் செய்ய முடியுமா என்று கேட்டால், கர்நாடகத்தின் குடகில் அனில், பமேலா மல்ஹோத்ரா தம்பதி 1991-இல் 55 ஏக்கரில் தொடங்கி, அக்கம்பக்கத்து நிலங்களை வாங்கிச் சேர்த்து ஏறத்தாழ 300 ஏக்கர் ஆக்கினார்கள். யானை வந்து போகும் காடு அது.

ஓடை இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். வடிகால் துறையின் வழிகாட்டுதலில் 5 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இருபக்கமும் 5 மீட்டர் ஒதுக்கச் சொல்கிறார்கள். 20 முதல் 40 மீட்டர் ஆறு என்றால் 40 மீட்டர். எங்கள் ஓடையைத் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அகலம். இருந்தாலும் இருபுறமும் 20 மீட்டரில் கை வைப்பதில்லை. விலங்கு நடப்பது அந்தக் கரையோடுதான்.

என்ன வரும், என்ன வராது

ஏழு ஏக்கரில் புலி வராது. நாடு முழுவதும் காட்டில் மிச்சம் 150-க்கும் குறைவு, ஒன்றுக்கே நம் தோட்டம் முழுவதும் போதாது. சின்ன நிலம் என்பது பெரிய காட்டுக்கும் பெரிய காட்டுக்கும் நடுவே கால் வைக்க ஒரு கல். சபா மாநிலத்தில் கினாபாத்தாங்கான் ஆற்றோரம் 2005-இல் அறிவித்த சரணாலயம் சுமார் 26,000 ஹெக்டேர். ஆனால் அது துண்டு துண்டாகக் கிடப்பதால், நடுவில் உள்ள தனியார் நிலங்களை வாங்கி இணைப்பதற்கென்றே அறக்கட்டளைகள் வேலை செய்கின்றன. உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் வனக்காப்பு இருக்கிறதா, ஆறு எங்கே போகிறது என்று மாவட்டத்தின் உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் பாருங்கள்.

வருவது என்ன என்று தெரிய ஒரு கேமரா பொறி வாங்கலாம். சில நூறு வெள்ளிக்கு நல்லது கிடைக்கிறது. முழங்கால் உயரத்தில் கட்டுங்கள், கிழக்கு மேற்கைப் பார்க்க வைக்காதீர்கள், காலை வெயிலுக்கே இருநூறு படம் எடுத்துத் தள்ளும். முன்னால் ஆடும் இலையைக் கிள்ளிவிடுங்கள். உள்ளே ஈரத்துக்கு சிலிக்கா பை ஒன்று. எனக்கு முதல் மாதம் கிடைத்தது 1,400 படம். 1,380 படத்தில் ஒரு பெரணி இலை, மீதியில் என் முழங்கால். மூன்றாம் மாதம், விடிகாலை மூன்று மணிக்கு, அழுங்கு ஒன்று முன்னங்கால் நகத்தை மடக்கிக்கொண்டு நிதானமாக நடந்து போனது. நான் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. அழுங்கின் செதிலுக்கு விலை வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இடம் தெரிகிற மாதிரி படம் போடுவது அவர்களுக்கு அழைப்பிதழ் வைப்பது போல. தேவாங்கு, தாப்பிர் படத்துக்கும் இதே விதி. இவை முழுப் பாதுகாப்பு பெற்றவை, குட்டியைக் கண்டெடுத்தாலும் வீட்டில் வளர்க்கக் கூடாது.

பணம்? வராது. வரி, அளவை, வருடத்துக்கு நாலைந்து ஆள்கூலி, எல்லாம் கைச்செலவு. பெத்தாயும் டுரியானும் நல்ல வருடத்தில் வரியைக் கட்டிவிடும். சிலர் தங்கும் குடில் கட்டிச் சுற்றுலா நடத்தலாம் என்பார்கள். விவசாய நிலத்தில் கட்டடம் என்றால் மறுபடி கிராணி வேலை, முதல் அத்தியாயத்திலிருந்து.

அந்தத் தம்பி இரண்டு வாரம் கழித்துக் கிராண்ட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே படித்தோம். "கெத்தா" என்றுதான் இருந்தது, நிரந்தர கிராண்ட், வரி இரண்டு வருடம் பாக்கி. மறுநாளே கட்டிவிட்டார். போன ஞாயிறு நிலத்துக்குப் போனோம். மூன்று கல்லைக் கண்டுபிடித்துவிட்டோம், ஒன்று பால்மர வேருக்குள் பாதி புதைந்து கிடந்தது. நாலாவது கிடைக்கவில்லை. அளவையாளர் செவ்வாய்க்கிழமை வருகிறார்.